பூரானுக்கு 14 அடி

ரெண்டு நாளாகச் சிற்பி இசாமு நோகுச்சியின் சுடுமண் வேலைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவருடைய அப்பா ஜப்பானியக் கவிஞர், அம்மா அமெரிக்கர். பிறந்தது 1904இல், லாஸ் ஏஞ்சலிஸில்.

1931இல் ஜப்பானின் கியோட்டோவுக்குப் போய் ஒரு குயவரிடம் வேலை பார்த்தார். அங்கே அருங்காட்சியகத்தில் கண்டதுதான் ஹனிவா. பழங்காலப் புதைமேடுகளின் மேல் நட்டுவைத்த சுடுமண் உருவங்கள். உள்ளே வெறும் கூடு. கண்ணும் வாயும் ஈரமண்ணில் அறுத்த ஓட்டைகள், அவ்வளவுதான். அந்த ஓட்டைக்குள் நிற்கிற இருட்டுதான் பார்வை. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

அப்புறம் 1952. ஜப்பானிலேயே கமகுரா ஊர்ப் பக்கம் குடியேறி, மலைச்சரிவைக் குடைந்து பட்டறை போட்டார். மண்ணுக்குள்ளேயே உட்கார்ந்து மண் வேலை! அந்த வருடம் செய்ததுதான் பூரான். கசமா என்ற ஜப்பானிய ஊரின் மண்ணில் வனைந்த 11 துண்டுகளைச் சுமார் 14 அடி மரத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார். இப்போது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கண்டதும் செருப்பைத் தேடுகிற ஓர் உயிரை அண்ணாந்து பார்க்க வைத்துவிட்டாரே மனுஷன்.

ஈரத்துணியில் சுற்றிவைத்த களிமண் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. நாளைக்கு ஒரு குழல் செய்து, ரெண்டே ரெண்டு ஓட்டை மட்டும் அறுத்துப் பார்க்கப்போகிறேன்.