இறங்கும்போதும் அளந்து பாருங்கள்

பல்லாரிப் பக்கத்திலிருந்து பெங்களூரு ஆய்வகத்துக்கு வரும் இரும்புத்தாது பெல்லட்டுகள் (தாதுப் பொடியை உருட்டிச் சுட்ட உருண்டைகள்) 8 முதல் 16 மி.மீ. வரை இருக்கும். உலையில் அந்த உருண்டையின் நடுவுக்குச் சூடு எத்தனை வேகமாகப் போகிறது என்பதை, அதாவது பரவுதிறனை, லேசர் ஃப்ளாஷ் கருவியில் அளக்கிறோம். பெல்லட்டிலிருந்து வெட்டிய வில்லையின் ஒரு முகத்தில் ஒளியைப் பாய்ச்சி, மறுமுகம் எவ்வளவு நேரத்தில் சூடேறுகிறது என்று அது பார்க்கும். பெரும்பாலான பிழைகள் கருவிக்குள் நடப்பதில்லை, வில்லை வெட்டும் மேசையிலேயே நடந்துவிடுகின்றன.

13 மி.மீ.க்குக் குறையாத உருண்டையை எடுத்து, வைர பிளேடால் நடுப்பகுதியில் 2 மி.மீ. தடிமனுக்கு மெதுவாக வெட்ட வேண்டும். கையில் பிடித்துத் தேய்த்தால் ஒரு பக்கம் ஆப்பு மாதிரி சாய்ந்துவிடும். கணக்கில் தடிமன் வர்க்கமாக வருவதால் 0.05 மி.மீ. பிசகினாலே விடையில் 5 சதவீதம் போய்விடும். மைக்ரோமீட்டரை ஐந்து இடத்திலாவது வைத்துப் பாருங்கள். வெட்ட வசதி என்று ரெசினில் மட்டும் பதிக்காதீர்கள். ரெசின் துளைகளுக்குள் இறங்கிவிட்டால் நீங்கள் அளப்பது பெல்லட்டே அல்ல. ஒடுக்கிய (ஆக்சிஜனை நீக்கி இரும்பாக்கிய) பெல்லட்டைத் தண்ணீர்விட்டு வெட்டினால் துருப்பிடிக்கும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் விட்டு வெட்டி, உடனே ஈரம் புகாத டெசிகேட்டரில் வையுங்கள்.

பரவுதிறனை அடர்த்தியாலும் தன்வெப்பத்தாலும் பெருக்கினால்தான் வெப்பக் கடத்துதிறன் கிடைக்கும். அந்த அடர்த்தியைப் புத்தகத்திலிருந்து எடுப்பது இன்னொரு தவறான பழக்கம். தூய ஹெமடைட் (பெல்லட்டிலுள்ள செந்நிற இரும்பு ஆக்சைடு) 5.24 கிராம்/கன செ.மீ. கால் பங்கு துளையுள்ள வில்லை 3.93தான். 5.24-ஐப் போட்டால் வெப்பக் கடத்துதிறன் மூன்றில் ஒரு பங்கு கூடித் தெரியும். தன்வெப்பத்தையும் ஒரே எண்ணாக வைத்துக்கொள்ள முடியாது. சுமார் 677 டிகிரியில் ஹெமடைட்டின் காந்த ஒழுங்கு குலையும்போது தன்வெப்பம் கூராக எழும்பும், பரவுதிறன் பள்ளமாக விழும். அதை இரைச்சல் என்று நினைத்து வழித்துவிடுகிறார்கள். அது உண்மையான பள்ளம்.

மிக முக்கியமானது கிராஃபைட் பூச்சு. ஒளி துளைகளுக்குள் ஊடுருவாமலிருக்க அதை மெல்லியதாக அடிக்கிறோம். ஆனால் ஆர்கான் வாயுவில் சூடு ஏற ஏற அதே கிராஃபைட் வில்லையின் ஆக்சிஜனை இழுக்கத் தொடங்கும். திரையில் வளைவு அழகாகவே இருக்கும். ஆகவே ஏறும்போது அளந்த ஒவ்வொரு வெப்பநிலையிலும் இறங்கும்போதும் அளந்து பாருங்கள். 300 டிகிரியில் இரண்டு எண்களும் ஒட்டவில்லை என்றால் வில்லையை வெளியே எடுத்து ஒரு சின்னக் காந்தத்தை அருகில் கொண்டுபோங்கள். செம்பழுப்பு போய்க் கருத்து, காந்தத்தில் டக்கென்று ஒட்டினால் அது மேக்னடைட், ஆக்சிஜன் குறைந்த இன்னொரு இரும்பு ஆக்சைடு. அந்த முறை அளந்த உயர்வெப்ப எண்களைத் தள்ளிவிட்டு, கருவியின் உலை காற்றைத் தாங்குமானால் புது வில்லையைப் பூச்சில்லாமல் காற்றில் அளந்து பாருங்கள். அதற்கு முன் 300 டிகிரியில் பூச்சோடும் பூச்சில்லாமலும் ஒருமுறை ஒப்பிட்டுவிட வேண்டும்.