ஜாப் கார்டில் இல்லாத வேலை

புதுச்சேரியில் ஒரு கார் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பணிமனையில் நான் 4 ஆண்டுகள் சர்வீஸ் அட்வைசராக வேலை பார்த்தேன். பெயரில் ஆலோசனை இருந்தாலும் பார்த்தது பெரும்பாலும் கணக்குப்பிள்ளை வேலைதான். காலை 8.30 மணியிலிருந்து 10 மணிக்குள் 12 வண்டிகளாவது என் மேசைக்கு முன்னால் வரிசைகட்டி நிற்கும். ஒவ்வொன்றையும் சுற்றிவந்து கீறல்களைக் குறித்து, கிலோமீட்டரையும் எரிபொருள் முள்ளையும் எழுதி, சொந்தக்காரர் சொல்லும் குறையைக் கணினியில் ஏற்றி, உத்தேசச் செலவைச் சொல்லிக் கையெழுத்து வாங்கி உள்ளே அனுப்புவதற்கு வண்டி ஒன்றுக்கு ஏழெட்டு நிமிடங்களே கிடைக்கும். அந்த நிமிடங்களுக்குள்தான் இன்ஜின் ஃப்ளஷ், ஏசி கிருமி நீக்கம், வீல் பேலன்சிங் என்று கூடுதலாக எதையாவது விற்கவும் வேண்டும். ஒரு ஜாப் கார்டுக்கு, அதாவது வண்டிக்கு வண்டி போடும் வேலைச் சீட்டுக்கு, சராசரியாக எவ்வளவு வருமானம் வந்தது என்பது மாதக் கடைசியில் என் பெயருக்கு நேராக வெள்ளைப் பலகையில் எழுதப்படும்.

2021ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தொடங்கிய வாரத்தில் அந்த வண்டி முதன்முறையாக என்னிடம் வந்தது. 2011இல் பதிவான டீசல் வண்டி, டிஎன் 31 என்று தொடங்கும் கடலூர் எண், 1,10,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. மஞ்சக்குப்பத்தில் வசிக்கும், பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அதை 2017இல் செகண்ட் ஹேண்டாக வாங்கியிருந்தார். உள்ளூர் மெக்கானிக்கிடம் இரண்டு முறை காட்டியும் குறை தீராததால், செலவானாலும் பரவாயில்லை, கம்பெனி சர்வீஸுக்கே போய்விடுவோம் என்று முடிவு செய்து எல்லை தாண்டி வந்திருந்தார்.

குறையை அவர் சொன்ன விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "தம்பி, வெயில் காலத்துல ஒரு தொந்தரவும் இல்ல. மழை பேஞ்ச மறுநாள் காலையில செல்ஃப் போட்டா ஒரு முனகல் முனகுது, நாலு தடவை போட்டாதான் எடுக்குது. ரொம்ப தூரம் ஓட்டிட்டு நிறுத்தி, உடனே எடுத்தாலும் இதே கதைதான்." ஈரம், சூடு, செல்ஃப் போடும் அந்த ஒரு கணம் என்று தேவையான அடையாளங்கள் அனைத்தும் அந்த மூன்று வாக்கியங்களில் இருந்தன. வகுப்பறையில் முப்பது ஆண்டுகள் பேசிய மனிதர் அல்லவா, ஒரு சொல்லும் வீணில்லை. நான் கணினியில் இருந்த குறைப் பட்டியலைத் திறந்து 'ஸ்டார்ட்டிங் ட்ரபிள்' என்ற வரியைத் தேர்ந்தெடுத்தேன். உள்ளே இருந்த மெக்கானிக்கின் கைக்குப் போய்ச் சேர்ந்தவை அந்த இரண்டு சொற்கள் மட்டுமே.

முதல் முறை, வண்டியின் கணினியில் மாட்டிக் கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் பி0335 என்ற குறியீட்டைக் காட்டியது. இன்ஜின் சுற்றுவதைக் கணினிக்குத் தெரிவிக்கும் கிராங்க் ஷாஃப்ட் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்பது அதன் பொருள். சென்சாரே கெட்டுவிட்டது என்று அந்தக் குறியீடு சொல்வதில்லை. வரவேண்டிய சிக்னல் ஒழுங்காக வரவில்லை என்று மட்டுமே சொல்கிறது. வயர், கனெக்டர், மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியான எர்த், வோல்ட்டேஜ் குறைவு என்று அதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனாலும் சென்சார் மாற்றப்பட்டது. மூன்று வாரம் கழித்து அவர் மீண்டும் வந்தபோது பேட்டரி மூன்று வருடம் பழையது என்று கூறி அதை மாற்றினோம். அடுத்த மழைக்குப் பிறகு, இன்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் மெதுவாகச் சுற்றுகிறது என்று கண்டுபிடித்து அதையும் மாற்றினோம். செல்ஃப் மோட்டாரின் விலை 9,800 ரூபாய். அதற்கு மேல் அப்போதைய விகிதப்படி 28 விழுக்காடு ஜிஎஸ்டி. மூன்று பில்களையும் கூட்டினால் 22,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. நான்காம் முறை வண்டி வந்தபோது, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் ஈசியூவை மாற்ற வேண்டியிருக்கலாம் என்று 38,000 ரூபாய்க்கு ஓர் எஸ்டிமேட்டைத் தயாரித்து அவர் முன்னால் நீட்டினேன். அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "இது மாத்தினா சரியாயிடும்னு எழுதித் தருவீங்களா?" என்று கேட்டார். நான் தரவில்லை. அவரும் கையெழுத்திடவில்லை.

எங்கள் பணிமனையில் யாரும் திருடர்கள் அல்லர் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். நிறுவனம் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண்ணும், அதைச் செய்ய இத்தனை மணி நேரம் என்ற கணக்கும் வகுத்துத் தந்திருந்தது. கிளட்ச் மாற்ற, செல்ஃப் மோட்டார் கழற்றி மாட்ட, சென்சார் மாற்ற என்று எல்லாவற்றுக்கும் எண் உண்டு. அந்த மணிக்கணக்கை வைத்தே கூலி பில்லில் ஏறும், அதை வைத்தே மெக்கானிக்கின் ஊக்கத்தொகையும் அமையும். ஸ்கேனரை மாட்டிப் பார்ப்பதற்கு அரை மணி ஒதுக்கியிருந்தார்கள். அதற்கு மேல் குனிந்து, நிமிர்ந்து, வயர் வயராகத் தேடும் நேரத்துக்கு எங்கள் அட்டவணையில் எண்ணே கிடையாது. எனவே ஒரு மெக்கானிக் அரை நாள் தேடி எர்த் போல்ட்டில் துருவைக் கண்டுபிடித்தால் அன்றைக்கு அவருக்கு நட்டம். தேடாமல் செல்ஃப் மோட்டாரை மாற்றினால் வரவு. இப்படி வகுத்து வைத்துவிட்டு, மெக்கானிக்குக்குத் திறமை போதவில்லை என்று மாதந்தோறும் கூட்டம் போட்டுப் பேசுவோம்.

வாரண்டிக்குள் இருக்கும் புதிய வண்டிகளில் இந்த விளையாட்டு நடக்காது. அங்கே பாகத்துக்குப் பணம் தருவது நிறுவனம். கழற்றிய பழைய பாகத்தைச் சீட்டுக் கட்டி எடுத்துவைக்க வேண்டும், அவர்கள் வந்து பரிசோதிப்பார்கள், பாகம் நன்றாக இருந்தால் கோரிக்கையைத் தள்ளுபடி செய்து பணத்தை எங்கள் தலையில் கட்டுவார்கள். ஆகவே வாரண்டி வண்டி என்றால் எங்கள் மெக்கானிக்குகள் மின்சாரத்தை அளந்து பார்க்கும் மல்டிமீட்டரை எடுப்பார்கள். பத்து வருடப் பழைய வண்டியில் அந்தக் கண்காணிப்பைச் செய்யவேண்டியவர் சொந்தக்காரர் ஒருவரே. அவருக்கோ கண்ணாடிச் சுவருக்கு அப்பால் காத்திருப்போர் அறையில் காபியும் தொலைக்காட்சியும் தரப்படும். பட்டறைக்குள் வர அனுமதி இல்லை.

ஈசியூ எஸ்டிமேட்டை மறுத்துவிட்டுத் தலைமையாசிரியர் பேருந்தில் ஊர் திரும்பினார். இரண்டு நாள் நிறுத்திப் பார்த்ததில் வண்டி ஒழுங்காகவே ஸ்டார்ட் ஆனது. வயதான மனிதரை மறுபடி அலையவைக்க வேண்டாம் என்று, ஒரு சனிக்கிழமை மாலை நானே அதை ஓட்டிக்கொண்டு மஞ்சக்குப்பம் புறப்பட்டேன். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் தாண்டும்வரை தூறல். முள்ளோடையில் எல்லைக்குச் சற்று முன்னால் தேநீர் குடிக்க நிறுத்தினேன். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் அவர் சொன்ன அதே முனகல். நான்கு தடவை அல்ல, பதினான்கு தடவை போட்டும் எடுக்கவில்லை. முள்ளோடையை அறிந்தவர்களுக்கு என் நிலைமை புரியும். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி மதுக்கடைகள் வரிசையாக நிற்கும் இடம் அது; சனிக்கிழமை மாலையில் கம்பெனிச் சட்டையும் டையும் அணிந்த ஒருவன் கடலூர் வண்டியின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றால், பார்ப்பவர்கள் இன்ஜினைப் பற்றி யோசிப்பதில்லை. என் சித்தப்பா மகன் ஒருவனே பைக்கை மெதுவாக்கிப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே போனான்.

பாகூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வரும் மூத்த மெக்கானிக் ஒருவரை அழைத்தேன். கார் பணிமனைக்கு வருமுன் டிராக்டர்களில் பல வருடம் கைவைத்தவர். அரை மணியில் பைக்கில் வந்து இறங்கினார். அவர் ஸ்கேனர் எதையும் கொண்டுவரவில்லை. ஜம்பர் கேபிளில் கறுப்பை மட்டும் எடுத்து ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும், மறுமுனையை நேராக இன்ஜின் பிளாக்கில் இருந்த ஒரு போல்ட்டிலும் கவ்வவிட்டு, "இப்ப போடுங்க சார்" என்றார். முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது.

இன்ஜின் ரப்பர் மவுண்ட்டுகளின் மேல் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் பாடிக்கும் இடையில் மின்சாரம் திரும்பிவர எர்த் ஸ்ட்ராப் என்னும் பின்னல் செம்புப் பட்டை ஒன்று உண்டு. செல்ஃப் மோட்டார் இழுக்கும் 200 ஆம்பியர் அளவிலான மின்னோட்டம் முழுவதும் அதன் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். பட்டை துருவேறி அதில் 0.01 ஓம் தடை உண்டானால்கூட, 200 ஆம்பியர் பாயும்போது 2 வோல்ட் அங்கேயே தொலைந்துபோகும். மோட்டார் முனகும், இன்ஜின் போதிய வேகத்தில் சுற்றாது, சென்சாரின் சிக்னல் தாறுமாறாகி ஈசியூ அந்தக் குறியீட்டைப் பதிவு செய்யும். வண்டி சும்மா நிற்கும்போது மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட் என்று எல்லாம் சரியாகவே காட்டும். செல்ஃப் போட்டுக்கொண்டே, இன்ஜின் பிளாக்குக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையில் அளந்தால்தான் குட்டு வெளிப்படும். அப்படி அளக்க இரண்டு பேரும் ஐந்து நிமிடமும் போதும். ஐந்து நிமிடம்தான், ஆனால் முதலில் அது எர்த்தாக இருக்கலாம் என்று ஒருவருக்குத் தோன்ற வேண்டும். மழை, சூடு, முனகல் என்ற சொற்கள் உள்ளே போயிருந்தால் தோன்றியிருக்கும்.

"ரெண்டாவது தடவை வந்தப்பவே எனக்குச் சந்தேகம் சார்," என்றார் அவர், கையைத் துடைத்துக்கொண்டே. "அரை நாள் குடுங்கன்னு சூப்பர்வைசர்கிட்ட கேட்டேன். கார்டுல பேட்டரின்னு போட்டிருக்கு, பேட்டரியை மாத்திட்டு அடுத்த வண்டியைப் பாருன்னுட்டார்." அந்தக் கார்டில் பேட்டரி என்று போட்டவன் நான்.

திங்கட்கிழமை வண்டியை மேலே ஏற்றிப் பட்டையைக் கழற்றியபோது, பச்சை பூத்துப் பாதிக்கு மேல் இழை அறுந்திருந்தது. கடற்கரையோர ஊர்களில் உப்புக் காற்று இரும்பையும் செம்பையும் அரிப்பது புதிதில்லை. ஆனாலும் இது அதிகமாகப்பட்டது. மிதியடிக் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தோம். அடியில் காய்ந்த வண்டல் ஒரு கோடாகப் படிந்திருந்தது. 2015ஆம் ஆண்டு இறுதியில் கடலூர் வெள்ளத்தில் மூழ்கியபோது இந்த வண்டியும் எங்கோ நின்றிருக்க வேண்டும், விற்றவர் சொல்லவில்லை. நாங்கள் மூன்று முறை வாட்டர் வாஷ் செய்து, வேக்குவம் போட்டு, அதற்கும் பில் போட்டிருந்தோம். கம்பளத்தை யாரும் தூக்கவில்லை.

புதிய பட்டையின் விலை 340 ரூபாய். பழைய மாடல் என்பதால் கிடங்கில் இல்லை, வர 9 நாள் ஆகும் என்றார்கள். மெக்கானிக் வெளியே போய் வெல்டிங் கேபிளில் ஒரு முழம் வாங்கிவந்து, இரண்டு பக்கமும் போல்ட்டில் மாட்டுவதற்கான லக் அடித்து மாட்டினார். கம்பெனிப் பாகம் அல்லாத எதையும் மாட்டக்கூடாது என்பது விதி. ஆகவே அந்த வேலை எந்த ஜாப் கார்டிலும் இல்லை. அதற்கு அவருக்குக் கூலியும் இல்லை.

தலைமையாசிரியரிடம் நடந்ததை நான் மறைக்கவில்லை. அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தேதி வாரியாகக் கையால் எழுதிய நான்கு பக்கக் கடிதம் ஒன்றை மேலாளருக்கு அனுப்பினார். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, புகார் தருபவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம் என்பதையும், பணிமனை புதுச்சேரியில் இருப்பதால் கடலூரில் வழக்கு வராது என்று யாரும் எண்ணவேண்டாம் என்பதையும் கடைசிப் பத்தியில் பணிவாகக் குறிப்பிட்டிருந்தார். அந்தப் பத்திக்குப் பிறகுதான் மேலாளர் அவரைத் தொலைபேசியில் அழைத்தார். அடுத்த சர்வீஸுக்கு 2,000 ரூபாய் கூப்பன் தருவதாகச் சொன்னார். அது வேண்டாம் என்று மறுத்துவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: கழற்றிய பழைய செல்ஃப் மோட்டார் எங்கே?

எனக்கு வயிற்றைக் கலக்கியது. 'பழைய பாகங்கள் வேண்டுமா' என்று ஜாப் கார்டில் ஒரு சிறிய கட்டம் உண்டு. வாடிக்கையாளரிடம் கேட்டு நிரப்ப வேண்டிய அதை, நான் வழக்கம்போல் யாரையும் கேட்காமல் 'வேண்டாம்' என்று நிரப்பியிருந்தேன். ஏழெட்டு நிமிடத்தில் மிச்சப்படுத்தும் பத்து விநாடிகளில் அதுவும் ஒன்று. கழிவுக் கூண்டில் ஒரு மணி நேரம் தேடி, ஜாப் கார்டு எண் சுண்ணாம்புக் கட்டியால் எழுதப்பட்டிருந்த அந்த மோட்டாரைக் கண்டெடுத்தோம். மேசையில் வைத்துப் பேட்டரியில் இணைத்ததும் அது துள்ளிச் சுற்றியது. அதில் ஒரு குறையும் இல்லை. நீண்ட பேச்சுக்குப் பிறகு மூன்று வருகைகளின் கூலியை மட்டும் நிர்வாகம் திருப்பிக் கொடுத்தது. பாகங்களின் விலையைத் தர மறுத்தது. அவர் வழக்குக்குப் போகவில்லை. காரணத்தை நான் கேட்கவுமில்லை.

அதற்குப் பின் குறையைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பதோடு நில்லாமல், சொந்தக்காரர் சொல்வதை அவர் சொல்லிலேயே குறிப்புப் பகுதியில் தட்டச்சு செய்யத் தொடங்கினேன். வண்டிக்கு 12 நிமிடம் ஆனது, வரிசை நீண்டது, வெள்ளைப் பலகையில் என் எண் இறங்கியது. மூத்த மெக்கானிக் மட்டும் என் கார்டுகளைத் தேடி எடுப்பார் என்று சூப்பர்வைசர் குறைப்பட்டுக்கொண்டார்.

2022 ஆகஸ்டில், நான் வேலையை விடுவதற்கு ஒரு மாதம் முன்பு, தலைமையாசிரியர் ஆயில் மாற்றுவதற்காக வந்தார். சாமான்களைக் குறிப்பதற்காக டிக்கியைத் திறந்தேன். ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் அந்தப் பழைய செல்ஃப் மோட்டார் சாக்குப்பையில் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. அதையும் சாமான் பட்டியலில் எழுதச் சொன்னார், எழுதினேன். கையெழுத்துக்காக ஜாப் கார்டை நீட்டியபோது, என் பேனாவை வாங்கி, பழைய பாகங்களுக்கான கட்டத்தில் தாமே 'வேண்டும்' என்று எழுதிவிட்டு, அதன்பின் கீழே கையெழுத்துப் போட்டார்.