ஈஸ்ட்டைப் பட்டினி போட்ட பிறகுதான் புரோட்டான் பம்ப் தெரிந்தது

ஈஸ்ட் செல் சவ்வில் இருக்கும் புரோட்டான் பம்ப், அதாவது புரோட்டானை (ஹைட்ரஜன் அயனியை) வெளியே தள்ளும் புரதம், ஓடுவதைப் பிஎச் வழியாகப் பார்க்க முயன்றேன். வெளியே புரோட்டான் கூடினால் அமிலம் கூடும், பிஎச் இறங்கும். நாலாவது தடவை வந்துவிட்டது! பிஎச் 6.1-இல் நின்ற ஈஸ்ட் கலவை, குளுக்கோஸ் போட்ட 12 நிமிடத்தில் 4.3-க்கு இறங்கியது.

முதல் மூன்று தடவையும் குளுக்கோஸ் போடும் முன்பே பிஎச் சரியத் தொடங்கிவிட்டது. பிஎச் அளக்கும் பேனாவைத்தான் சந்தேகப்பட்டேன், பிஎச் முன்பே தெரிந்த பஃபர் பாக்கெட்டுகளைக் கரைத்துக் கரைத்துத் திருத்தினேன். கோளாறு அதில் இல்லை. உலர் ஈஸ்ட் தனக்குள்ளேயே டிரெஹலோஸ் என்ற சர்க்கரையைச் சேர்த்து வைத்திருக்கிறது. அது தீரும்வரை உள்ளே ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) உருவாகும், செல் சவ்வில் இருக்கும் பம்ப் புரோட்டானை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அப்புறம் நான் போடும் குளுக்கோஸால் என்ன வித்தியாசம் தெரியும்?

அதனால் பட்டினி. 5 கிராம் ஈஸ்ட்டை ஆர்ஓ தண்ணீரில் கலக்கி, ஃபிரிட்ஜில் படியவிட்டு, மேல்நீரை வடித்தேன். சென்ட்ரிஃபியூஜ் (வேகமாகச் சுழற்றிப் படியவைக்கும் கருவி) இல்லாததால் ஒவ்வொரு கழுவலுக்கும் மூன்று மணி நேரம் போகிறது. பிறகு உள்ளே இருக்கும் சர்க்கரை தீர, மீன்தொட்டி ஏர் பம்பை இரவு முழுக்க ஓடவிட்டு, காலையில் இன்னொரு கழுவல். இந்தக் கடைசிக் கழுவலைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். இரவில் ஈஸ்ட் வெளியேற்றியதெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது.

கார்பன் டை ஆக்சைடு கரைந்தாலும் பிஎச் இறங்குமே என்று கேட்பீர்கள். எனக்கும் அதே கவலை. 4.3 வந்ததும் 20 நிமிடம் காற்று ஊதிப் பார்த்தேன்: 4.5-க்கு மேல் ஏறவில்லை. வெறும் கார்பன் டை ஆக்சைடாக இருந்தால் 5.5-ஐயாவது தாண்டியிருக்கும். கொதிக்கவைத்த ஈஸ்ட்டில் எள்ளளவும் அசைவில்லை. கரிம அமிலங்களும் கொஞ்சம் கசிந்திருக்கும், அதை மறுக்கவில்லை.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். குளுக்கோஸ் உள்ளே வர ஈஸ்ட் ஒரு ஏடிபிகூடச் செலவழிப்பதில்லை. செறிவு கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குத் தானாகவே இறங்கி வருகிறது. வந்ததை எரித்துக் கிடைக்கும் ஏடிபியில்தான் பம்ப் ஓடுகிறது. ஏடிபியின் பாஸ்பேட் பம்பின் ஓர் அஸ்பார்டேட் (அமினோ அமிலம்) மேல் ஒட்டியதும் புரதத்தின் வடிவம் மாறி, புரோட்டான் வெளிப்பக்கம் போகிறது. ஒரு ஏடிபிக்கு ஒரு புரோட்டான். 1957-இல் நண்டு நரம்பில் டேனிஷ் விஞ்ஞானி யென்ஸ் ஸ்கோ கண்ட சோடியம் பொட்டாசியம் பம்பும் இதே குடும்பம்தான்.

பொட்டாசியம் குளோரைடு சேர்த்தபோது வேகம் கூடி 3.9 வரை போனது. பொட்டாசியம் உள்ளே போய் மின்னூட்டத்தைச் சமன் செய்வதால் பம்புக்குச் சுமை குறைகிறது. ஆனால் ஆர்ஓ தண்ணீரில் உப்பு சேர்ந்தாலே பேனாவின் அளவு மாறும். குளுக்கோஸ் இல்லாமல் உப்பு மட்டும் போட்டுப் பார்ப்பது பாக்கி.

அதற்குள் ரசாயனக் கடையில் மால்டோஸ் சொல்லி வைத்துவிட்டேன். மால்டோஸ் ஈஸ்ட்டுக்குள் நுழைவது புரோட்டானோடு சேர்ந்துதான், ஆகவே முதல் சில நொடிகளில் பிஎச் ஏற வேண்டும். என் பேனா அவ்வளவு வேகமாகக் காட்டுமா என்பதுதான் பயம். அடுத்த 5 கிராம் இப்போது ஃபிரிட்ஜில் படிந்துகொண்டிருக்கிறது.