ஒற்றைத் துண்டு ஏற்றுமதி

கரூரில் ‘எக்ஸ்போர்ட்’ என்றால் நாற்பது அடி கன்டெய்னர், தூத்துக்குடி துறைமுகம், மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கும் பணம். கொசுவலையும் பஸ் பாடியும் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தாலும், அதிகம் பேருக்குச் சோறு போடுவது மேஜை விரிப்பு, கிச்சன் டவல், ஏப்ரன், பாட் ஹோல்டர் என்று வீட்டு உபயோகத் துணிகள்தான். அவற்றில் பெரும்பங்கு அமெரிக்காவின் பெரிய கடைகளுக்குப் போகிறது. அந்தத் துணியில் யார் வீட்டு அடுப்படியில் யார் கை துடைக்கிறார்கள் என்பது நெய்தவருக்கும் தெரியாது, தைத்தவருக்கும் தெரியாது. பையர் சொன்ன அளவு, பையர் சொன்ன ஷேடு, பையர் சொன்ன தேதி. அவ்வளவுதான்.

அப்படி ஒரு கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது பையருக்கும் தறிக்கும் நடுவே ஆர்டரைக் கவனிக்கிறவனாக, இருந்துவிட்டு, நானும் என் மனைவியும் ஆன்லைனில் நேரடியாக அமெரிக்க வீடுகளுக்கு விற்க ஆரம்பித்தோம். முதலில் எட்ஸி என்ற ஆன்லைன் சந்தை, பிறகு ஷாப்பிஃபையில் சொந்தக் கடை. நெசவு ஜாப் ஒர்க், தையல் வெங்கமேட்டில் ஒரு யூனிட், செக்கிங்கும் பேக்கிங்கும் வீட்டு மாடியில். விசைத்தறி வைத்திருக்கும் மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “ஏனுங்க மாப்ள, வண்டி வண்டியா ஏத்தற ஊருல ஒத்தத் துண்ட ஏத்தறேங்கறீங்களே, கட்டுபடியாகுமுங்களா?”

கட்டுபடியானது. ஆனால் கம்பெனியில் நான் பார்த்த தொழில் வேறு, இது வேறு. துணி அதேதான், தறியும் அதேதான். ஆயிரம் டஜனை ஒரு பையருக்கு அனுப்புவதில் பழகியவனுக்கு, ஒரு டவலை ஒரு வீட்டுக்கு அனுப்புவதில் அந்தப் பழக்கம் பாதிகூட உதவுவதில்லை.

முதலில் துணியையே எடுத்துக்கொள்ளுங்கள். 18க்கு 28 இஞ்ச் வாஃபிள் டவல், குழிக் குழியாகக் கட்டம் விழும் நெசவு. நாங்கள் துவைத்து, மொட்டை மாடிக் கொடியில் காயப்போட்டு அளந்தால் சுருக்கம் ஏதோ கொஞ்சம்தான். ஒஹையோவில் ஒரு அம்மா டேப்போடு படம் எடுத்து அனுப்பினார்: நீளம் 26 இஞ்சுக்கும் கீழே. அந்த நாட்டில் பெரும்பாலானவர்கள் வெயிலில் துணி காயப்போடுவதில்லை. வாஷிங் மெஷினிலிருந்து நேராக டிரையருக்குப் போகிறது. வீட்டுக்கு வெளியே கொடி கட்டக் கூடாது என்று விதி வைத்திருக்கும் குடியிருப்புச் சங்கங்களும் உண்டு. டிரையரின் சூட்டில், உருட்டலில் பருத்தி இன்னும் இறுகிவிடும், வாஃபிள் நெசவு என்றால் அதைவிட மோசம். கம்பெனியில் இதெல்லாம் லேப் ரிப்போர்ட்டில் ஒரு வரி, பையர் பார்த்துக்கொள்வார். இங்கே பையர் நாமேதான். கோயம்புத்தூரில் பழைய டிரையர் ஒன்று வாங்கி வந்து மாடியில் வைத்தோம். கரூர் வெயிலில் துணி காயவைக்க மெஷினா என்று தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. பேக்கிங் பார்க்கும் அக்கா இன்றைக்கும் அதைத் தொட மாட்டார். “கரண்ட்ட எரிச்சு எரிச்சு துணிய சின்னதாக்கறீங்களே” என்பார். அதில் காயவைத்துப் பார்த்த பிறகே நீளத்தை எவ்வளவு கூட்டி வெட்டுவது என்று ஒவ்வொரு நெசவுக்கும் தனித்தனியாக முடிவு செய்கிறோம்.

லேபிளும் அப்படியே. என்ன நார், எத்தனை சதவீதம், எந்த நாட்டில் செய்தது என்பதைத் துணியிலேயே ஒட்ட வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஆன்லைனில் விற்றால் இறக்குமதிப் பொருள் என்பதைப் பொருளின் பக்கத்திலேயே எழுதவும் வேண்டும். ‘மேட் இன் இந்தியா’ என்று போட்டால் வியாபாரம் போய்விடும் என்று எனக்குச் சொன்னவர்கள் பலர். எங்கள் அனுபவத்தில் அது பொய். எந்த ஊர், எந்தத் தறி என்று கேட்டு எழுதுகிறவர்கள்தான் திரும்பத் திரும்ப வாங்குகிறார்கள்.

பருவம் பிடிபட நாளாயிற்று. ஹாலோவீன் அக்டோபர் 31, தேங்க்ஸ்கிவிங் நவம்பர் நான்காம் வியாழன், அதற்கு மறுநாள் பிளாக் ஃப்ரைடே தள்ளுபடி விற்பனை. பூசணிக்காயும் சருகும் போட்ட டவல் செப்டம்பரிலேயே கடையில் இருக்க வேண்டும். ஆகவே ஆடிக் காற்று சுழற்றி அடிக்கும்போது இங்கே ஆரஞ்சுப் பூசணிக்காய் பிரிண்ட் ஓடும். புரட்டாசியில் பனியும் கலைமானும். தீபாவளிக்கு ஊரே போனஸ் வாங்கிக்கொண்டு கிளம்பும் வாரத்தில்தான் எங்களுக்கு ஆர்டர் மேல் ஆர்டர். அந்த வாரத்தில் தையல்காரர்களை நிறுத்திவைக்க எந்தச் சம்பளமும் போதாது, முன்கூட்டியே தைத்து அடுக்கிவைப்பது ஒன்றே வழி. தேதி எழுதுவதிலும் கவனம் வேண்டும். அவர்கள் 11/5 என்று எழுதினால் அது நவம்பர் 5, மே 11 அல்ல. பிறந்தநாள் பரிசு ஆர்டர்களில் இந்தக் குழப்பம் எப்போதும் தயாராக நிற்கும்.

மெசேஜ்கள் இரவில் வரும். நியூயார்க்குக்கும் நமக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேரம், நவம்பர் முதல் ஞாயிறுக்குப் பிறகு பத்தரை. அவர்கள் புகார் சொல்லும் முறை எனக்குப் புதிது. முதலில் டவலின் நிறத்தைப் புகழ்வார்கள், பேக்கிங்கைப் புகழ்வார்கள், நன்றி சொல்வார்கள். கடைசி வரியில்தான் ஒரு ஓரம் பிரிந்திருக்கிறது என்று இருக்கும். அந்தக் கடைசி வரிக்கு அன்றிரவே பதில் போகாவிட்டால் காலையில் மூன்று நட்சத்திர ரிவ்யூ நிற்கும். நாங்கள் போட்டோ மட்டும் கேட்போம், பொருளைத் திருப்பி அனுப்பச் சொல்வதில்லை. அங்கிருந்து கரூருக்குத் திருப்பி அனுப்பும் செலவு டவலின் விலையைவிட அதிகம். புதிதாக ஒன்று அனுப்பிவிட்டு, பழையதைக் கார் துடைக்க வைத்துக்கொள்ளச் சொல்வோம்.

ஏமாற்றுகிறவர்கள் இல்லையா என்று எல்லோரும் கேட்பார்கள். இருக்கிறார்கள், நினைப்பதைவிடக் குறைவு. அங்கே பார்சலை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள், கையெழுத்தெல்லாம் பெரும்பாலும் கிடையாது. வாசலிலிருந்து திருடுவதற்கென்றே ஆட்கள் உண்டு. ‘டெலிவர்டு’ என்று டிராக்கிங் காட்டும், வாடிக்கையாளர் வரவில்லை என்பார், இரண்டும் உண்மையாக இருக்கலாம். பேபாலில் பணம் கட்டியவர் 180 நாள் வரை புகார் எழுப்பலாம். கார்டு வழியாக சார்ஜ்பேக் வந்தால், அதாவது வங்கியே பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டால், டவலின் விலையும் போகும், அதன் மேல் அபராதக் கட்டணமும் போகும். அதனால் வாதாடுவதில்லை, இன்னொன்று அனுப்பிவிடுகிறோம்.

காகித வேலைக்கு வருகிறேன். ஐஇசி என்கிற ஏற்றுமதி-இறக்குமதிப் பதிவு எண் எடுப்பது சுலபம், 500 ரூபாய், ஆன்லைனிலேயே முடிந்துவிடும். ஜிஎஸ்டி கட்டாமல் அனுப்ப வருடாவருடம் எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதம். சுங்கத்துக்குக் கொடுக்கும் படிவம், தபாலில் போனால் போஸ்டல் பில் ஆஃப் எக்ஸ்போர்ட், கூரியரில் போனால் சிஎஸ்பி-5. 2022 கடைசியில் அஞ்சல் துறை தொடங்கிய டாக் கர் நிர்யாத் கேந்திரா, அதாவது அஞ்சலக ஏற்றுமதி மையம், வந்த பிறகு, எங்களைப் போன்றவர்களுக்குத் தபால் வழி உண்மையாகவே திறந்தது. வேதனை வங்கியில்தான். கன்டெய்னர் அனுப்புகிறவருக்கு ஒரு ஷிப்பிங் பில், அதற்கு ஒரு வரவு. எங்களுக்கோ நாற்பது டாலர் பில்கள் கட்டுக்கட்டாக. பேமென்ட் கேட்வே வாரத்துக்கு ஒருமுறை கமிஷனைக் கழித்துக்கொண்டு மொத்தமாக ஒரு தொகை போடும். எந்த பில்லுக்கு எந்தப் பணம் என்று ஒவ்வொன்றாகப் பொருத்திக் காட்டினால்தான், ஏற்றுமதிக்குப் பணம் வந்ததா என்று வங்கி கண்காணிக்கும் இடிபிஎம்எஸ் கணக்கில் பில் முடியும். நாற்பது லட்ச ரூபாய் பில்லைக் கையாண்டு பழகிய அதிகாரி என் எக்செல் ஷீட்டைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. 2025 அக்டோபரில் ரிசர்வ் வங்கி, 10 லட்ச ரூபாய்க்குட்பட்ட பதிவுகளை ஏற்றுமதியாளரின் உறுதிமொழியை வைத்தே முடித்துக்கொள்ளலாம் என்று அறிவித்தது. நியாயமாகப் பல வருடம் முன்பே வந்திருக்க வேண்டிய அறிவிப்பு.

அந்த நிம்மதியை அனுபவிக்க விடாமல் செய்தது அதற்கு முந்தைய ஆகஸ்ட். எங்கள் வியாபாரமே ஒரு எண்ணின் மேல் உட்கார்ந்திருந்தது: 800 டாலர். ஒரு ஆளுக்கு ஒரு நாளில் வரும் இறக்குமதி அந்த மதிப்புக்குள் இருந்தால் அமெரிக்காவில் சுங்க வரி கிடையாது. அதற்கு முன் 200 டாலராக இருந்த வரம்பை 2016 மார்ச்சில் 800 ஆக்கினார்கள். கடைகளுக்குப் போகும் கன்டெய்னருக்கு வரி உண்டு, எங்கள் பார்சலுக்கு இல்லை. எங்களைப் போல ஒற்றைத் துண்டு அனுப்புகிறவர்களை வாழவைத்தது அந்த இடைவெளிதான். 2025 மே 2 முதல் சீனாவுக்கும் ஹாங்காங்குக்கும் அந்தச் சலுகையை நிறுத்தியபோது, இங்கே சிலர் இனி ஆர்டர் நமக்குத்தான் என்று சந்தோஷப்பட்டார்கள். ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாட்டுக்கும் நிறுத்தினார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு, 27ஆம் தேதி, இந்தியப் பொருள்கள் மீதான கூடுதல் வரி 50 சதவீதமாகியிருந்தது. வரியை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்ற வழிமுறை தெளிவாகாததால் விமான நிறுவனங்கள் அமெரிக்கத் தபாலை ஏற்க மறுத்தன. அஞ்சல் துறை 25ஆம் தேதி முதலே பெரும்பாலான அமெரிக்கத் தபால்களை நிறுத்தியது.

பூசணிக்காய் டவல் மாடி முழுக்க அடுக்கியிருந்தது.

100 டாலருக்குட்பட்ட பரிசுப் பொருளுக்கு வரி இல்லை என்ற விதி அப்போதும் இருந்தது. ‘கிஃப்ட்’ என்று எழுதி அனுப்பிவிடு என்று யோசனை சொன்னவர்களுக்குக் குறைவில்லை. விற்ற பொருளைப் பரிசு என்று எழுதுவது சுங்கத்தில் பொய் சொல்வது. சிக்கினால் அன்று அந்தப் பார்சலோடு முடியாது, அடுத்து வரும் எங்கள் பார்சல் எல்லாவற்றையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். அதைச் செய்யவில்லை. அவசர ஆர்டர்கள் சிலவற்றை ஒரு தனியார் கூரியரில் அனுப்பினோம். வரியோடு, வரி கட்டித் தரும் சேவைக்கென்று ஒரு கட்டணமும் சேர்த்து வாடிக்கையாளரிடமே பில் நீட்டினார்கள். வாங்க மறுத்துவிட்டார் ஒருவர். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. விலையைப் பார்த்துப் பணம் கட்டியாகிவிட்டது, வாசலில் வந்து இன்னும் கொடு என்றால் நானும்தான் மறுத்திருப்பேன். அன்றிலிருந்து வரியை நாங்களே முன்கூட்டிக் கட்டும் முறைதான், டிடிபி என்பார்கள். அக்டோபர் 15 அன்று தபால் திரும்பியதும் அந்த முறையில்தான். அறிவித்த மதிப்பில் 50 சதவீதத்தைப் புக்கிங் செய்யும்போதே கவுன்டரில் வாங்கிக்கொண்டார்கள். பொருள்வாரியான வழக்கமான வரி தபாலில் சேரவில்லை என்பது ஒன்றே ஆறுதல்.

அப்போது 42 டாலர் செட்டுக்கு 21 டாலர் வரி. விலையை அப்படியே ஏற்றினால் கடை காலியாகிவிடும், ஏற்றாவிட்டால் நாங்கள் காலியாகிவிடுவோம். பாதியை விலையில் ஏற்றி, மீதியை நாங்கள் தாங்கி, வரி எவ்வளவு என்பதைப் பொருளின் பக்கத்திலேயே தனி வரியாக எழுதினோம். பழைய வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் நின்றார்கள். புதிதாக வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இதில் கன்டெய்னர்காரருக்கும் எங்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு, வெளியில் அதிகம் பேசப்படுவதில்லை. அவருக்கு வரி மொத்த விற்பனை விலையின் மேல். டவல் கடைக்குப் போய், கடைக்காரர் தன் லாபத்தைச் சேர்ப்பது அதற்குப் பிறகு. எங்களுக்கோ போட்டோ எடுத்த செலவு, விளம்பரச் செலவு, எங்கள் லாபம் எல்லாம் சேர்ந்த சில்லறை விலையின் மேல் வரி. கூடுதல் வரியின் சதவீதம் ஒன்றுதான், அது விழும் தொகை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. ஆடிட்டர் சொல்லும் வழி: அங்கே ஒரு கம்பெனி பதிவு செய்து, நியூ ஜெர்சிப் பக்கம் ஏதாவது குடோனுக்கு மொத்தமாகச் சரக்கை அனுப்பி, அங்கிருந்து விற்பது. நம் கம்பெனி நம் கம்பெனிக்கே விற்கும்போது என்ன விலை போடுவது என்பதைச் சுங்கத்துறை துருவும், அதற்கும் கணக்கு வைக்க வேண்டும். சரக்கு அங்கேயே கிடந்தால் அந்த மாநிலத்தின் விற்பனை வரியும் வந்து சேரும். முக்கியமாக, எந்த நிறம் போகும் என்று தெரியாமல் ஆறு மாதச் சரக்கை அங்கே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். ஆர்டர் வந்த பிறகு எம்பிராய்டரியில் பெயர் போட்டு அனுப்புகிற ஏப்ரனை எந்தக் குடோனில் வைப்பது?

மாமா இப்போது என்னைக் கேலி செய்வதில்லை. அவருடைய தறிக்கும் ஆர்டர் குறைந்திருக்கிறது, வாரத்தில் சில நாள் ஓட்டுவதில்லை. என் மனைவி ஆஸ்திரேலியாவைப் பார்க்கலாம் என்கிறாள். 2022 டிசம்பரிலிருந்து அந்த நாட்டோடு வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறது. ஆனால் அங்கே கிறிஸ்துமஸ் நடுக்கோடையில், பனியும் கலைமானும் போட்ட டவல் எத்தனை போகுமோ தெரியாது. அளவும் சென்டிமீட்டரில். போன வாரம் 50க்கு 70ல் சாம்பிள் வெட்டி, டிரையரில் போட்டு எடுத்தோம். சிட்னியில் இருக்கும் அவளுடைய தோழியிடம் கேட்டால், அங்கே பலர் கொடியில்தான் காயப்போடுகிறார்களாம். இன்னொரு செட் வெட்டி மாடியில் போட்டிருக்கிறோம்.