சொட்டு

ஜனவரி 6, திங்கள்
வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லருக்குக் கீழே அலமாரிப் பலகை ஊறிக் கிடக்கிறது. முதலில் பிரஷர் முள்: 1.4 பார். இரவும் அதே. ரேடியேட்டர்களில் சுற்றும் சூட்டு நீர் ஒழுகினால் முள் இறங்கியிருக்கும். லிட்மஸ் தாள் வைத்தேன், சிவந்தது. அப்படியானால் கண்டென்சேட்தான், பாய்லர் புகையின் ஆவி குளிர்ந்து துளியாகும் அமில நீர்.

ஜனவரி 7
இரவு முழுக்க அதே சொட்டுச் சத்தம்.

ஜனவரி 8, புதன்
ஆறு மணி நேரத்தில் கிண்ணத்தில் 300 மி.லி. ஒரு கனமீட்டர் கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. ரேடியேட்டரிலிருந்து திரும்பும் நீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அந்த ஆவி துளியாகும். போன மாதம் பாய்லர் வெப்பத்தை 70இலிருந்து 55க்கு இறக்கியிருந்தேன். சொட்டு கூடியது அதனால்தான். பாய்லர் சிக்கனமாக எரிகிறது என்பதற்கு இந்தத் தண்ணீரே சாட்சி, வருகிற இடம்தான் தப்பு. திரும்ப 70க்கு ஏற்றினால் குறையும். ஏற்றப் போவதில்லை.

ஞாயிறு கூட்டி வருகிறார்கள்.

ஜனவரி 9
வெளியே மைனஸ் 3. பக்கத்து வீட்டுக் கண்டென்சேட் குழாய் உறைந்து, பாய்லர் குடுகுடுவென்று இரைந்து நின்றுவிட்டது. சுவருக்கு வெளியேயும் 21.5 மி.மீ. குழாயையே ஓட்டியிருக்கிறார்கள். வெளியே 32 வேண்டும், மேலே உறை வேண்டும். கொதிநீர் ஊற்றாதீர்கள், இளஞ்சூடு போதும் என்றேன். எங்களுடையது உள்ளேயே சிங்க் வடிகாலில் சேர்கிறது, அந்தப் பயமில்லை.

ஜனவரி 11, சனி
ஸ்விட்சை அணைத்து, கண்டென்சேட் குழாயின் எல்போவை, வளைவு மூட்டை, தொட்டேன், கையோடு வந்துவிட்டது. பாலிப்ரொப்பிலீன் குழாயில், ஏ.பி.எஸ். என்ற வேறு பிளாஸ்டிக்கில் செய்த எல்போவைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். சால்வென்ட் சிமென்ட் என்ற அந்தப் பசை ஏ.பி.எஸ்.ஸை இளக்கி ஒன்றாக்கும், பாலிப்ரொப்பிலீனை ஒன்றும் செய்யாது. பசை தோல்போல உரிகிறது. 1.6 மீட்டர் ஓட்டத்துக்கு இரண்டே கிளிப், நடுவில் தொய்வு, தண்ணீர் மூட்டிலேயே தேங்கியிருக்கிறது. கீழே போகும் செம்புக் குழாயில் பச்சை பூத்திருக்கிறது. இந்த நீர் அமிலம், செம்புக்கு ஆகாது. புதுக் குழாயும் பிளாஸ்டிக்தான்.

ஒட்டு வேலை வேண்டாம், முழுவதையும் ஏ.பி.எஸ்.ஸாக மாற்றினேன். வாட்டம் மீட்டருக்கு 45 மி.மீ., ஆக 72. ரசமட்டம் வைத்துச் சுவரில் பென்சில் கோடு, 50 செ.மீ.க்கு ஒரு கிளிப். வெட்டியபின் உள்பிசிறையும் அரத்தால் எடுக்க வேண்டும். விட்டால் அழுக்கு அங்கேதான் பிடிக்கும். பசையில்லாமல் ஒருமுறை முழுக்கக் கோத்து, மூட்டுக்கு மூட்டு அடையாளம் போட்டு, பிறகு துடைத்து, இரண்டு பக்கமும் சிமென்ட் தடவி, கால் சுற்றுத் திருகிச் செருகி அரை நிமிடம் பிடித்தேன். சன்னல் திறந்தே.

பாய்லர் உறைக்குள் இருக்கும் ட்ராப்பில், தண்ணீர் தேங்கி நின்று புகையை மறிக்கும் கிண்ணத்தில், கை வைக்கவில்லை. அது கேஸ் சேஃப் பதிவு, அதாவது கேஸ் வேலைக்கான பிரிட்டன் பதிவு, உள்ளவர் வேலை. அந்த ட்ராப்பில் தண்ணீர் வற்றினால் புகைவாயு வீட்டுக்குள் வரும்.

இன்றிரவு ஹீட்டிங் இல்லை. சொட்டும் இல்லை.

ஜனவரி 12, ஞாயிறு
5.40. பாய்லர் முனையில் மாட்டுவதற்கு முன் குழாயில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றினேன். சிங்க்கில் உடனே இறங்கியது. ரப்பர் வாஷர் வைத்து நட்டைக் கையால் மட்டும் இறுக்கினேன். ஒவ்வொரு மூட்டிலும் டிஷ்யூத் தாள்.

6.30. பாய்லர் ஓடுகிறது. தாள்கள் காய்ந்தே இருக்கின்றன.

7.10. மூன்றாவது எல்போவின் தாள் ஈரம். என் கை ஈரமோ? புதுத் தாள் சுற்றியிருக்கிறேன்.

7.25. கார் சத்தம்.