அபராதப் பணம் போய்ச் சேரும் இடம்

அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லங்கள் விதிகளை மீறும்போது மத்திய அரசு விதிக்கும் அபராதத்தில் ஒரு பகுதி மாநிலங்களுக்கு வந்து, அங்கிருந்து இல்லவாசிகளின் வாழ்க்கைத் தரத்தை உயர்த்தும் திட்டங்களுக்கு மானியமாகச் செல்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தில் வேர்கொண்ட ஏற்பாடு இது. யாரோ ஒருவரின் படுக்கைப் புண்ணைக் கவனிக்காமல் விட்டதற்காகக் கட்டிய தொகை, வேறோர் ஊரில் மறதி நோயுள்ள மூதாட்டியின் காதில் ஹெட்போனாக வந்து அமர்ந்து, அவர் இளவயதில் கேட்ட பாடல்களை மட்டும் ஒலிக்கலாம். தண்டனைப் பணத்துக்கு இதைவிட நல்ல செலவு எனக்குத் தோன்றவில்லை.

2020-இல் கொரோனாவால் உறவினர்கள் வாசலிலேயே நிறுத்தப்பட்டபோது, காணொளி அழைப்புக்கான டேப்லெட்டுகளை வாங்க இதே நிதியிலிருந்து ஓர் இல்லத்துக்கு 3,000 டாலர் வரை அனுமதித்தார்கள். 7 முதல் 10 பேருக்கு ஒரு கருவி என்பது கணக்கு. ஆனால் விரல் நடுங்கும் ஒருவருக்கு அந்தக் கருவியைப் பிடித்துக்கொண்டு, மகளின் முகம் திரையில் தெரியும்படி சாய்த்து, அழைப்பு முடியும்வரை பக்கத்தில் நிற்க ஓர் ஆள் வேண்டுமே! இல்லம் தன் கடமையாகவே செய்தாக வேண்டிய பணிகளுக்கு இந்த மானியத்தைத் தொட முடியாது என்பதால், வழக்கமான பணியாளர் பற்றாக்குறை அப்படியே இருக்கிறது. (அந்த விதி நியாயமானதுதான், இல்லாவிட்டால் அபராதம் கட்டியவர்களே அதைச் சம்பளக் கணக்கில் எழுதிவிடுவார்கள்.) ஒரு திட்டத்துக்கு அதிகபட்சம் 3 ஆண்டுகள். அதன்பிறகு ஹெட்போனுக்கு யார் சார்ஜ் போடுவது என்பதை விண்ணப்பத்திலேயே கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.