ஃபாரடேயின் மெழுகுவர்த்தி: ஐந்து உரை கேட்டாயிற்று

திருமங்கலத்திலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு தினமும் முக்கால் மணி நேரம். மூன்று வாரமாக அந்த நேரம் முழுக்கக் காதில் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேதான். 1860 கிறிஸ்துமஸ் விடுமுறையில், லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில், ஒரு மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு அவர் பேசத் தொடங்கிய ஆறு உரைகள். காப்புரிமை முடிந்த புத்தகங்களைத் தன்னார்வலர்கள் வாசித்துப் பதிவுசெய்யும் லிப்ரிவாக்ஸில் இலவசமாகக் கிடைத்தது.

இதையே படிக்க இரண்டு முறை முயன்று பத்துப் பக்கத்தில் விட்டவன் நான். பழைய இங்கிலீஷ், நீள நீளமான வாக்கியங்கள். ஆனால் பேசியதைத்தானே புத்தகமாக்கினார்கள்? யாரோ வாய்விட்டு வாசிக்கும்போது நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது, புரிகிறது. வேகத்தை மட்டும் 0.8 ஆக்கிக்கொண்டேன்.

கேட்டதை அன்று ராத்திரியே செய்து பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன்.

தொட்டி ஓரத்தில் போட்ட துண்டு தண்ணீரை இழுத்துத் தரையில் விட்டுவிடுமாம். திரி மெழுகை இழுப்பதும் அப்படித்தானாம். நனைத்த துண்டின் ஒரு முனையை வாளிக்குள்ளும் மறுமுனையைத் தரையிலும் விட்டேன். காலையில் வாளியில் நாலு விரல் தண்ணீர் குறைந்திருந்தது. எத்தனை கார்த்திகைக்கு அகலில் திரி போட்டிருப்பேன், எண்ணெய் எப்படி மேலே ஏறுகிறது என்று யோசித்ததே இல்லை.

அடுத்தது, ஊதி அணைத்ததும் எழும் வெள்ளைப் புகை. அது மெழுகின் ஆவி. ஃபேன் ஓடியதால் முதலில் வரவில்லை. நிறுத்திவிட்டு, திரிக்கு இரண்டு அங்குலம் மேலே புகையில் தீக்குச்சியைக் காட்டினேன். நெருப்பு புகை வழியாகவே இறங்கித் திரியைப் பற்றிக்கொண்டது. "தாவிருச்சுப்பா!" என்று மகள் கத்தினாள். எட்டு முறை செய்யச் சொன்னாள்.

மூன்றாம் உரையில்தான் மாட்டிக்கொண்டேன். சுடர் எரிந்தால் தண்ணீர் உண்டாகிறது என்று காட்ட, ஐஸும் உப்பும் போட்ட பாத்திரத்தைச் சுடருக்கு மேலே பிடிக்கிறார். நானும் எவர்சில்வர் டம்ளரில் பிடித்தேன், அடியில் துளி வந்தது. ஆனால் நம் ஊரில் ஐஸ் போட்ட டம்ளர் சும்மா வைத்தாலே வேர்க்குமே! அது சுடரின் தண்ணீரா, காற்றின் ஈரமா? இரண்டு நாள் இதே நினைப்பு. அப்புறம் ஐஸே இல்லாமல், நன்றாகத் துடைத்த கண்ணாடி டம்ளரைச் சுடர்மேல் கவிழ்த்துப் பிடித்தேன். உள்பக்கம் சட்டென்று மூடுபனி மாதிரி படர்ந்து, கண்ணாடி சூடானதும் மறைந்தது. ஐஸே இல்லையே, அப்போது அது சுடரின் தண்ணீர்தான்.

ஆறாவது உரை மிச்சமிருக்கிறது. மெழுகுவர்த்தி எரிவதையும் நாம் மூச்சு விடுவதையும் அதில் ஒப்பிடுகிறாராம். மூச்சை ஊதினால் பால் மாதிரி கலங்கும் சுண்ணாம்புத் தெளிநீருக்காக, வெற்றிலைக்கு வாங்கிய சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிய வைத்திருக்கிறேன்.